துறைமுகத்தில் எந்தக் கப்பல் எந்தக் கப்பலுக்கு எதிர்ப்படும்? எண்ணூரை வைத்து, கப்பல் போக்குவரத்தை மாதிரியாக்க ஒரு முழுமையான வழிகாட்டி

சென்னைத் துறைமுகம், அதற்கு வடக்கே எண்ணூர் காமராஜர் துறைமுகம், அதை ஒட்டியே காட்டுப்பள்ளி. ஏறக்குறைய 30 கி.மீ. கடற்கரைக்குள் மூன்று துறைமுகங்கள். அனல்மின் நிலையங்களுக்கு நிலக்கரி வருகிறது, எரிவாயு வருகிறது, கார்கள் ஏற்றுமதியாகின்றன, கன்டெய்னர் கப்பல்கள் வந்து போகின்றன. இடையில் காசிமேட்டு விசைப்படகுகளும் எண்ணூர் குப்பங்களின் ஃபைபர் படகுகளும். கப்பல் போக்குவரத்தைக் கணினியில் ஓட்டிப் பார்க்கக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல இடம் நம் பக்கத்தில் இல்லை.

2017 ஜனவரி 28 அதிகாலை நான்கு மணி வாக்கில் இங்கேதான் அந்த மோதல் நடந்தது. எரிவாயுவை இறக்கிவிட்டுக் காமராஜர் துறைமுகத்திலிருந்து வெளியேறிய 'பி.டபிள்யூ. மேப்பிள்', பெட்ரோலியப் பொருள்களோடு உள்ளே வந்துகொண்டிருந்த 'டான் காஞ்சிபுரம்' மீது மோதியது. கசிந்த எண்ணெய் மெரினா வரை ஒதுங்க, ஆட்கள் வாளி வாளியாக அள்ளினார்கள். மோதிய இடம் துறைமுகத்துக்கு வெளியே சுமார் 2 கடல் மைல் (ஒரு கடல் மைல் 1.852 கி.மீ.) தொலைவு. புயலும் இல்லை, நெரிசலான நீர்ச்சந்தியும் இல்லை. ஒன்று வெளியே போக, ஒன்று உள்ளே வர, துறைமுக வாசலில் எதிர்ப்பட்டன.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாம் கணினியில் கட்டப்போகும் மாதிரி (மாடல்) மோதலைக் கணிக்காது. மோதலைத் தீர்மானிப்பது கடைசிச் சில நிமிடங்களில் மனிதர்கள் செய்வதும் செய்யாமல் விடுவதும். நம்மால் நம்பிக்கையோடு கணிக்க முடிவது சந்திப்பை: எந்த இரண்டு கப்பல்கள், எங்கே, எத்தனை மணிக்கு, எவ்வளவு நெருக்கத்தில் எதிர்ப்படும் என்பதை. கட்டுப்பாட்டு அறைக்குத் தேவைப்படுவதும் அதுதான். பைத்தானில் ஓரளவு பழக்கமும் பன்னிரண்டாம் வகுப்பு வெக்டார் கணக்கும் இருந்தால் போதும், இதைச் செய்துவிடலாம்.

1. தரவு: ஏஐஎஸ் எதைச் சொல்கிறது, எதை மறைக்கிறது

பெரிய கப்பல்கள் எல்லாமே ஏஐஎஸ் என்ற கருவி மூலம் தங்கள் இடத்தையும் வேகத்தையும் திசையையும் வி.எச்.எஃப். அலையில் ஒலிபரப்பிக்கொண்டே இருக்கின்றன. பன்னாட்டுப் பயணம் போகும் 300 டன்னேஜுக்கு மேற்பட்ட கப்பல்களுக்கும், அளவு பார்க்காமல் பயணிகள் கப்பல்களுக்கும் இது கட்டாயம். 14 நாட் (மணிக்கு 14 கடல் மைல்) வரை வேகத்தில் போகும் கப்பல் 10 விநாடிக்கு ஒரு முறை தன் இடத்தைச் சொல்லும். அதைவிட வேகமாகப் போனாலோ திரும்பினாலோ இன்னும் அடிக்கடி. நங்கூரமிட்டு நின்றால் 3 நிமிடத்துக்கு ஒரு முறை. பெயர், நீளம், அகலம், சேருமிடம் ஆகியவை தனிச் செய்தியாக 6 நிமிடத்துக்கு ஒரு தடவை வரும்.

எண்ணூர்ப் பகுதியின் பழைய பதிவுகளுக்கு வணிக நிறுவனங்களிடம்தான் போக வேண்டும். முதலில் கற்றுக்கொள்ள டென்மார்க் கடல்சார் ஆணையமும் அமெரிக்காவின் மரைன் கடாஸ்டர் தளமும் இலவசமாகத் தரும் பதிவுகளே போதும். அவற்றில் நிரலை எழுதி ஓட்டிச் சரிபார்த்த பிறகு நம் ஊர்த் தரவுக்குக் காசு கொடுங்கள்.

அடுத்தது சுத்தம் செய்வது. பாதி வேலை இதிலேயே போய்விடும். 'தகவல் இல்லை' என்பதைச் சொல்ல ஏஐஎஸ் சில எண்களை ஒதுக்கி வைத்திருக்கிறது: வேகம் 102.3 நாட், ஓடுதிசை (கப்பல் நகரும் திசை) 360, முகத்திசை (மூக்கு காட்டும் திசை) 511, அட்சரேகை 91, தீர்க்கரேகை 181. இவற்றை நீக்காமல் சராசரி எடுத்தால் நிலக்கரிக் கப்பல் ராக்கெட் மாதிரி பறக்கும். 'நங்கூரத்தில்', 'ஓட்டத்தில்' என்ற நிலைக் குறிப்பைக் கப்பலில் இருப்பவர்தான் கையால் மாற்ற வேண்டும், மறந்துவிடுவார்கள். அதனால் அந்தக் குறிப்பை நம்பாமல், வேகம் அரை நாட்டுக்குக் கீழே நீண்ட நேரம் இருந்தால் நிற்கிறது என்று நீங்களே முடிவுசெய்யுங்கள்.

பலர் கவனிக்காத ஒன்று: ஏஐஎஸ் சொல்லும் இடம் கப்பலின் நடுப்புள்ளி அல்ல, ஜி.பி.எஸ். ஆன்டெனா இருக்கும் புள்ளி. 225 மீட்டர் நீளமுள்ள நிலக்கரிக் கப்பலில் மேல்தளக் கட்டடம் பின்பக்கம் இருக்கும், ஆன்டெனாவும் அங்கேயே. அந்தப் புள்ளிக்கு முன்னால் கிட்டத்தட்ட 200 மீட்டர் இரும்பு நீண்டிருக்கிறது. ஆன்டெனாவிலிருந்து முன்முனை, பின்முனை, இடம், வலம் எவ்வளவு தூரம் என்ற நான்கு எண்களும் பெயர் வரும் அதே செய்தியில் இருக்கின்றன. அவற்றை வைத்து நடுப்புள்ளிக்கு நகர்த்துங்கள். நடுக்கடலில் இது பெரிய விஷயமில்லை. துறைமுகத்துக்குள் போகும் குறுகிய நீர்வழியான சேனலுக்குள் இதுவே எல்லாம்.

ஏஐஎஸ் மறைப்பது என்ன? மீன்பிடிப் படகுகளை. ஃபைபர் படகுகளில் பெரும்பாலும் இந்தக் கருவி கிடையாது. விசைப்படகுகளின் எண்ணிக்கையோ காலண்டரைப் பொறுத்தது: கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். மே மாதத் தரவை மட்டும் வாங்கி மாதிரி கட்டினால், விசைப்படகே இல்லாத ஒரு கற்பனைக் கடல்தான் கிடைக்கும். தடைக்காலம் ஒன்று, மற்ற மாதங்கள் ஒன்று என்று தனித்தனியாகக் கட்டுங்கள். வடகிழக்குப் பருவமழைக் காலத்தையும் பிரித்தால் நல்லது. புயல் எச்சரிக்கை வந்தால் கப்பல்களை ஆழ்கடலுக்கு அனுப்பிவிடுவார்கள். மழைக்காலத்தில் கரையோர நீரோட்டமும் வடக்கிலிருந்து தெற்காகத் திரும்பிவிடும்.

2. வரைபடமும் பாதைகளும்

அட்ச, தீர்க்கரேகைகளை மீட்டருக்கு மாற்றுங்கள். பூமியை மண்டலங்களாகப் பிரித்து மீட்டரில் அளக்கும் யூடிஎம் முறையில் சென்னைப் பகுதி 44 வடக்கு மண்டலத்தில் வருகிறது. மாற்றாமலே டிகிரியில் தூரம் கணக்கிட்டால் பிழை வரும்: எண்ணூர் அட்சரேகையில் தெற்கு-வடக்காக ஒரு நிமிடம் (டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு) 1,852 மீட்டர், கிழக்கு-மேற்காகவோ ஏறக்குறைய 1,803 மீட்டர்தான்.

பிறகு எல்லாத் தடங்களையும் க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுப் பாருங்கள். நங்கூரப் பகுதி, கப்பலை உள்ளே வழிநடத்தும் பைலட் ஏறும் இடம், சேனல், கப்பல் நின்று சரக்கைக் கையாளும் பெர்த் எல்லாம் தானாகவே கண்ணுக்குத் தெரியும். ஒவ்வொரு பாதையையும் நேர்த்துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டின் குறுக்கேயும் ஒரு கோடு போடுங்கள். அந்தக் கோட்டைக் கப்பல்கள் எந்தெந்த இடத்தில் கடக்கின்றன என்று எண்ணினால், நடுவில் குவிந்து ஓரங்களில் மெலியும் ஒரு பரவல் கிடைக்கும். அதன் சராசரியையும் திட்ட விலக்கத்தையும் குறித்து வையுங்கள். உள்வருபவை, வெளியேறுபவை இரண்டுக்கும் தனித்தனியாக வேண்டும்.

3. கப்பல்களை ஓட வைப்பது

இனி மாதிரியாக்கம். பைத்தானில் சிம்பை என்ற நூலகம் இந்த வேலைக்கு வசதியானது. கடலை விநாடி விநாடியாக நகர்த்தாமல், நிகழ்வு நிகழ்வாக நகர்த்துவதுதான் இதன் முறை: கப்பல் வந்தது, நங்கூரமிட்டது, பெர்த் காலியானது, பைலட் ஏறினார், சேனலுக்குள் நுழைந்தது, கட்டியது, சரக்கு இறங்கியது, கிளம்பியது.

வருகை நேரங்களை எப்படி உருவாக்குவது? பாடப்புத்தகம் பாய்சான் பரவல் என்று சொல்லும், அதாவது ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் தற்செயலாக வருபவை. நிலக்கரிக்கும் எண்ணெய்க்கும் அது ஓரளவு பொருந்தும். கன்டெய்னர் கப்பல்கள் வாராந்தர அட்டவணையில் ஓடுபவை. அவற்றுக்கு அட்டவணை நேரத்தோடு ஒரு தாமதப் பரவலைச் சேர்ப்பதே சரி. மொத்தமாக எல்லாவற்றையும் பாய்சானில் போட்டுவிடும் ஆய்வறிக்கைகளைப் பார்த்தால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும்.

மிக முக்கியமான பகுதி பகிர்ந்துகொள்ளும் வளங்கள்: பைலட்டுகள், இழுவைப் படகுகள், சேனல், பெர்த். சேனல் ஒருவழியா இருவழியா என்பதைத் துறைமுக விதிகளில் பார்த்து எழுதுங்கள். ஹூக்ளி ஆற்றிலுள்ள ஹால்டியா போன்ற இடமாக இருந்தால் ஓதம்தான் (கடல்மட்டத்தின் அன்றாட ஏற்ற இறக்கம்) ராஜா. நீர்மட்டம் ஏறினால்தான் ஆழமான கப்பல் நுழைய முடியும். சென்னைக் கரையில் ஓதம் பெரிய அமாவாசை, பௌர்ணமியிலும் ஒரு மீட்டர் அளவுதான். ஆகவே ஓதத்தைவிட இங்கே பைலட், பெர்த் கிடைக்கும் நேரமே கப்பல்களைக் கொத்தாக்குகிறது.

அந்தக் கொத்துதான் நாம் தேடுவது. பைலட் ஏறும் இடத்தைச் சுங்கச்சாவடி என்று வைத்துக்கொள்ளுங்கள்: சாலை முழுக்க வண்டிகள் சீராக வந்தாலும் அங்கே வந்து அடையும். உள்ளே வருபவை பைலட்டை ஏற்ற வேகத்தைக் குறைக்கின்றன. வெளியேறுபவை பைலட்டை இறக்கிவிட்டு வேகமெடுக்கின்றன. குறைந்த வேகத்தில் பெரிய கப்பலுக்குச் சுக்கான் சரியாகப் பிடிக்காது; காற்றும் நீரோட்டமும் தள்ளும். இப்படி ஒரே சின்ன வட்டாரத்தில், தடுமாறும் கப்பல்களும் வேகமெடுக்கும் கப்பல்களும். அதனால் மாதிரியில் இந்த வட்டாரத்தை ஒரு புள்ளியாகப் போடாதீர்கள். கப்பல் அங்கே எவ்வளவு நேரம் நிற்கிறது, எவ்வளவு நகர்கிறது என்பதைத் தரவிலிருந்து அளந்து போடுங்கள். மொத்த வேலையிலும் அதிக நேரம் ஒதுக்க வேண்டிய இடம் எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

ஓட்டிப் பார்த்ததும் முதலில் சரிபார்க்க வேண்டியவை காத்திருக்கும் நேரம், நங்கூரப் பகுதியில் ஒரே சமயத்தில் நிற்கும் கப்பல் எண்ணிக்கை, சேனலைக் கடக்கும் நேரம். இவை உண்மைத் தரவோடு ஒத்துப்போகாமல் சந்திப்புக் கணக்குக்குப் போவது வீண்.

4. நெருங்கும் தூரக் கணக்கு

இரண்டு கப்பல்கள் இப்போது போகும் வேகத்திலும் திசையிலும் அப்படியே போனால் அதிகபட்சம் எவ்வளவு நெருங்கும், எப்போது? இந்த இரண்டு எண்களையும் கப்பல்காரர்கள் சிபிஏ, டிசிபிஏ என்பார்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நம் கப்பல் 10 நாட் வேகத்தில் நேர் வடக்கே போகிறது. இன்னொரு கப்பல் நமக்கு 3 கடல் மைல் கிழக்கே, 3 கடல் மைல் வடக்கே இருந்து 8 நாட் வேகத்தில் நேர் மேற்கே வருகிறது. நம்மைப் பொறுத்து அதன் வேகம்: மேற்கே 8, தெற்கே 10. இடத்தையும் சார்பு வேகத்தையும் புள்ளிப் பெருக்கம் செய்தால் மைனஸ் 54. சார்பு வேகத்தின் வர்க்கம் 64 கூட்டல் 100, அதாவது 164. முதல் எண்ணின் குறியை மாற்றி இரண்டாவதால் வகுத்தால் 0.329 மணி, சுமார் 20 நிமிடம். அந்த நேரத்தில் இடைத்தூரம் 0.47 கடல் மைல், ஏறத்தாழ 870 மீட்டர்.

870 மீட்டர் போதுமே என்று தோன்றலாம். அந்தக் கணத்தில் மற்றது எங்கே இருக்கிறது என்று பாருங்கள்: நமக்கு வலப்பக்கம், சற்றே பின்னால். அதாவது அதன் மூக்குக்கு முன்னால் நாம் குறுக்கே கடந்து போகிறோம். 1972-ஆம் ஆண்டின் கடல் மோதல் தவிர்ப்பு விதிகளில் 15-ஆவது விதி தடுக்கச் சொல்வதும் இதையே: வலப்பக்கம் இன்னொரு கப்பலைக் கொண்டிருப்பது விலகிப் போக வேண்டும், முடிந்தவரை அதன் முன்னால் குறுக்கிடக் கூடாது. ஆகவே தூரத்தை மட்டும் பதியாமல், யார் யாருக்கு முன்னால் கடக்கிறார்கள் என்பதையும் பதியுங்கள்.

சந்திப்பின் வகையையும் குறிக்க வேண்டும். பக்கவாட்டுக்கு 22.5 டிகிரிக்கு மேல் பின்னாலிருந்து நெருங்கினால் முந்துதல். இது 13-ஆவது விதியே சொல்லும் அளவு. எதிரெதிர் சந்திப்புக்கு விதியில் டிகிரி கிடையாது; இரண்டின் திசைகளும் 170 டிகிரிக்கு மேல் வேறுபட்டால் எதிரெதிர் என்று வைத்துக்கொள்கிறேன். மிச்சமெல்லாம் குறுக்குச் சந்திப்பு.

5. எவ்வளவு நெருங்கினால் நெருக்கம்?

ஒரே ஒரு தூரத்தை எல்லையாக வைத்தால் சரிவராது. ஜப்பானிய ஆய்வாளர் ஃபுஜி 1971-இல் கண்டது: ஒவ்வொரு கப்பலும் தன்னைச் சுற்றி ஒரு நீள்வட்டத்தைக் காலியாக வைத்துக்கொள்ளப் பார்க்கிறது, அது கப்பல் நீளத்தைப் போல் 8 மடங்கு நீளம், 3.2 மடங்கு அகலம். 225 மீட்டர் கப்பலுக்கு அது 1,800 மீட்டர் நீளம், 720 மீட்டர் அகலம். துறைமுகச் சேனலே சில நூறு மீட்டர் அகலம்தான். திறந்த கடலின் நீள்வட்டத்தை உள்ளே கொண்டுவந்தால் ஒவ்வொரு சாதாரண சந்திப்புக்கும் மணி அடிக்கும். குறுகிய நீர்ப்பரப்புக்கு அவர் தந்த அளவு 6 மடங்கும் 1.6 மடங்கும், அதிலிருந்து தொடங்கி, உங்கள் தரவில் கப்பல்கள் உண்மையில் எவ்வளவு இடம் விடுகின்றன என்று பார்த்துத் திருத்துங்கள்.

இழுவைப் படகுகளையும் பைலட் படகுகளையும் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். கப்பலை ஒட்டி நிற்பதுதான் அவற்றின் வேலை. ஏஐஎஸ் வகை எண்ணில் 52 இழுவைப் படகு, 50 பைலட் படகு; 30 என்றால் மீன்பிடிக் கலம், அதை எடுக்காதீர்கள்.

6. வருடக் கணக்கில் எத்தனை?

இந்த வகை ஆபத்துக் கணக்கின் அடிப்படை 1970-களில் ஃபுஜி, மக்டஃப் ஆகிய ஆய்வாளர்கள் போட்டது. பெடர்சன் என்ற ஆய்வாளர் 1995-இல் விரிவாக்கினார். கடல்வழி வழிகாட்டு உதவிகளுக்கான பன்னாட்டு அமைப்பான ஐயாலாவின் ஐவ்ராப் மென்பொருள் இன்றும் இதே வழியில்தான் போகிறது. எளிமையாகச் சொன்னால், வடிவியல் சந்திப்புகளின் எண்ணிக்கையை மனிதத் தவறின் வாய்ப்பால் பெருக்குவது.

கற்பனை எண்களை வைத்துப் பார்ப்போம். 5 கடல் மைல் நீளப் பாதை, நாளுக்கு உள்ளே 10, வெளியே 10 கப்பல்கள், எல்லாம் 10 நாட். கடக்க இரண்டுக்கும் அரை அரை மணி, கூட்டினால் ஒரு மணி. 10 பெருக்கல் 10, அதை 24-ஆல் வகுத்தால் நாளொன்றுக்கு சுமார் 4.2 எதிர்ச்சந்திப்புகள். கப்பல் எண்ணிக்கை இரு பக்கமும் இரட்டிப்பானால் சந்திப்பு நான்கு மடங்காகும். துறைமுக விரிவாக்கத் திட்டங்களைப் படிக்கும்போது இந்த வர்க்கத்தை மனதில் வையுங்கள். சரக்கு இரண்டு மடங்கு என்று பெருமையாகப் போட்டிருப்பார்கள், சந்திப்பு எத்தனை மடங்கு என்று போட்டிருக்க மாட்டார்கள்.

இப்போது இரு திசைப் பாதைகளின் நடுக்கோடுகளுக்கு இடையே 400 மீட்டர், ஒவ்வொன்றின் திட்ட விலக்கம் 150 மீட்டர், கப்பல் அகலம் 32 மீட்டர் என்று கொள்வோம். யாருமே விலகாவிட்டால் உரசிக்கொள்ளும் வாய்ப்பு சுமார் 2 சதவீதம். அதாவது நாளுக்கு 4.2 வீதம் நடக்கும் எதிர்ச்சந்திப்புகளில் ஆண்டுக்கு ஏறக்குறைய 31 இப்படி உரசக்கூடியவை. ஐவ்ராப் எதிரெதிர் சந்திப்புக்கு வைத்திருக்கும் மனிதத் தவறு எண் ஒரு லட்சத்தில் 5. பெருக்கினால் சுமார் 650 ஆண்டுக்கு ஒரு மோதல். இடைவெளியை 200 மீட்டராகக் குறைத்துப் பாருங்கள்: வாய்ப்பு கிட்டத்தட்ட நான்கு மடங்காகிறது.

650 என்ற எண்ணை யாரிடமும் அப்படியே காட்டாதீர்கள். அந்த ஒரு லட்சத்தில் 5 என்பது பல இடங்களின் சராசரி. எண்ணூர் அதிகாலைக்கு அளந்து எடுத்ததல்ல. இரண்டு ஏற்பாடுகளில் எது மேல் என்று ஒப்பிடத்தான் இந்தக் கணக்கு உதவும்.

7. அடுத்த 20 நிமிடத்தைக் கணிப்பது

இது வருடக் கணக்கு அல்ல, நேரடிக் கணிப்பு. நான்காம் படியின் நேர்கோட்டுக் கணக்கு நடுக்கடலில் நன்றாக வேலை செய்யும். துறைமுகத்தில் தோற்கும், ஏனென்றால் இங்கே கப்பல் திரும்பத்தான் போகிறது. சேனல் வளைவுக்கு முன்னால் இருக்கும் கப்பலை நேர்கோட்டில் நீட்டினால் அலைத்தடுப்புச் சுவரில் ஏறிவிடும்.

எனவே கப்பல் எந்தப் பாதையில் இருக்கிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள். சேருமிடம் என்று ஏஐஎஸ்ஸில் எழுதியிருப்பதை நம்பினால் ஏமாறுவீர்கள். முந்தைய துறைமுகத்தின் பெயர் அப்படியே கிடக்கும். கடந்த 10 நிமிடத் தடத்தை இரண்டாம் படியில் எடுத்த பாதைகளோடு ஒப்பிட்டு, ஒவ்வொரு பாதைக்கும் ஒரு நிகழ்தகவு கொடுங்கள். பெர்த் ஒதுக்கீட்டுப் பட்டியல் கையில் இருந்தால் இன்னும் நல்லது.

அப்புறம் ஒவ்வொரு கப்பலையும் அதன் பாதையில், வேகத்தைக் கொஞ்சம் மாற்றி மாற்றி ஆயிரம் தடவை ஓட்டுங்கள். ஆயிரத்தில் எத்தனை தடவை இரண்டின் நீள்வட்டங்கள் மீறப்படுகின்றன என்பதே சந்திப்பின் நிகழ்தகவு. வேக மாற்றத்துக்கு வெறும் சீரற்ற நடை வேண்டாம். அதில் பிழை கட்டுக்கடங்காமல் விரியும். சராசரி வேகத்துக்கே திரும்பி வரும் ஆர்ன்ஸ்டீன்-ஊலன்பெக் முறை கப்பல்களுக்கு நன்றாகப் பொருந்துகிறது. கணினிச் சுமையைப் பற்றிக் கவலை வேண்டாம்: 60 கப்பல்கள் இருந்தாலும் 1,770 ஜோடிகள்தான்.

8. சரிபார்ப்பில் ஒரு சிக்கல்

ஒரு மாதத் தரவை ஒதுக்கி வைத்துச் சோதியுங்கள். 70 சதவீதம் என்று சொன்ன சந்திப்புகளில் பத்துக்கு ஏழு நடந்தால் மாதிரி நேர்மையானது. ஆனால் நெருக்கமான சந்திப்புகளில் இந்தச் சோதனை உங்களை ஏமாற்றும். 15 நிமிடத்துக்கு முன் நீங்கள் சரியாகக் கணித்திருப்பீர்கள்; கேப்டனும் அதையே பார்த்து வலப்பக்கம் திருப்பியிருப்பார்; தரவிலோ அப்படி எதுவும் நடந்திருக்காது. மாதிரி தப்பு என்று நினைத்து எச்சரிக்கை அளவைக் குறைத்தால் நல்ல கருவியைக் கெடுத்ததாகும். ஒரு கப்பல் திடீரென்று திசையையோ வேகத்தையோ மாற்றும் கணத்தைக் கண்டுபிடியுங்கள். அதற்கு முந்தைய நிலையிலிருந்து விலகாமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஓட்டி, அதோடு உங்கள் கணிப்பை ஒப்பிடுங்கள். இப்படி எடுக்கும் 'விலகித் தப்பிய' சந்திப்புகளின் பட்டியல்தான் இந்த முழு வேலையிலும் மதிப்பு மிக்க பொருள்.

9. திரையில் என்ன காட்டுவது

கட்டுப்பாட்டு அறையில் இருப்பவருக்கு எட்டு மணி நேரத்தில் நூறு எச்சரிக்கை வந்தால் இரண்டாம் நாளே ஒலியை அணைத்துவிடுவார். மணிக்கு ஒன்றிரண்டுக்கு மேல் போகாதபடி எல்லையை வையுங்கள். நிகழ்தகவை மட்டும் போடாமல் இரண்டு கப்பல்களின் பெயர், சந்திக்கும் இடம், மீதமுள்ள நிமிடங்கள், எது எதற்கு முன்னால் கடக்கிறது என்ற நான்கையும் ஒரே வரியில் காட்டுங்கள். வி.எச்.எஃப்.பில் அழைக்கப் பெயர்தான் முதலில் வேண்டும்.

ஏஐஎஸ் இல்லாத படகுகள் அதிகம் இருக்கும் வட்டாரங்களை வரைபடத்தில் சாம்பல் நிறத்தில் போடுங்கள். அங்கே எச்சரிக்கை வராததற்குக் காரணம் ஆபத்து இல்லாமை அல்ல, நமக்குக் கண் இல்லாமை என்பது பார்ப்பவருக்குத் தெரிய வேண்டும். ராடார் தரவு கிடைத்தால் அந்தச் சாம்பலை ஓரளவு குறைக்கலாம். மீனவர் சங்கத்தாரிடம் உட்கார்ந்து பேசினால், எந்த மாதம் எந்தப் பக்கம் வலை போடுவார்கள் என்பதை எந்தக் கருவியையும்விடத் துல்லியமாகச் சொல்லிவிடுவார்கள்.

சேனலை ஆழப்படுத்தினாலோ புதிய பெர்த் திறந்தாலோ பைலட் ஏறும் இடம் மாறினாலோ இரண்டாம் படியிலிருந்து மறுபடி தொடங்குங்கள். எதுவும் மாறாவிட்டாலும், தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் இறங்கும் ஜூன் 15-க்குப் பின் கிடைக்கும் முதல் வாரத் தரவை வைத்து எல்லா எல்லைகளையும் ஒரு முறை சரிபார்த்துவிடுங்கள்.